வயல் சோற்றுக்கு, வளவு ஆணத்துக்கு

(கொஞ்சம் நீண்ட பதிவு. தேநீரோடு ஆறுதலாக வாசியுங்கள்.)

2022 ஜூன் மாதத்தை யாரும் மறந்திருக்க மாட்டோம். பெற்றோலுக்கு ஒரு வரிசை, காஸுக்கு ஒரு வரிசை, மண்ணெண்ணெய்க்கு இன்னொரு வரிசை. அந்த மாத நடுப்பகுதியில் அமைச்சரவை ஒரு தீர்மானம் எடுத்தது. அரச ஊழியர்களுக்கு மூன்று மாத காலத்துக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை. அலுவலகம் வந்துபோகும் எரிபொருள் மிச்சமாகும். வீட்டில் இருந்து பயிர் செய்தால் வரப்போகும் உணவுத் தட்டுப்பாட்டுக்கும் முகங்கொடுக்கலாம் என்பது கணக்கு.

நாங்கள் வீட்டில் இருவரும் ஆசிரியர்கள். அந்த வெள்ளிக்கிழமை எங்களுக்கும் உரியதா என்று விசாரிக்கவே தேவைப்படவில்லை. எரிபொருள் இல்லாமல் பாடசாலைகளே நாட்கணக்கில் மூடிக் கிடந்தன. ஆகவே மண்வெட்டியை எடுத்தோம். கிணற்றடிக்குப் பின்னால் நான்கு பாத்தி கட்டினோம். கத்தரி, வெண்டி, கொச்சிக்காய், தக்காளி. ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்ற காலத்தில் ஆளுக்கொரு பாத்தி தந்து புள்ளி போட்டார்கள். அந்தப் புள்ளிகளை நம்பித்தான் இறங்கினோம்.

உம்மா திண்ணையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். "கச்சான் அடிக்கிற காலத்துல ஆரும் கண்டு வெப்பாங்களா மனே?" என்று மட்டும் கேட்டார்.

கிழக்குக் கரையில் இருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறோம். மே மாதம் தொடங்கி ஆகஸ்ட் வரை தென்மேல் பருவக்காற்று தன்னிடமுள்ள மழையை மேற்கிலும் மலைநாட்டிலும் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி எங்கள் பக்கம் வெறும் அனலாக இறங்கும். அதைத்தான் கச்சான் என்கிறோம். எங்கள் தரையோ கடற்கரை மணல். காலையில் ஊற்றிய தண்ணீர் பத்து மணிக்கு இருந்த இடம் தெரியாது. மின்வெட்டு நேரத்தில் மோட்டாரும் ஓடாது. வாளியால்தான் இறைக்க வேண்டும்.

ஆறேழு வாரத்தில் கணக்கு முடிந்தது. தக்காளி பூத்தது, பூவெல்லாம் கருகி உதிர்ந்தது. கொச்சிக்காயின் இலை சுருண்டது. வெண்டியை ஒரு கட்டாக்காலி மாடு ஒரே இரவில் தின்று தீர்த்தது. கத்தரி மட்டும் எங்கள் மானத்தைக் காப்பாற்ற நான்கு காய் தந்தது. அந்த நான்கு காய்க்கு இறைத்த தண்ணீரை நினைத்து நாங்களே சிரித்துக்கொண்டோம்.

சிரிப்பு அடங்கிய பிறகு ஒரு கேள்வி மிஞ்சியது. இந்த நாட்டில் வீட்டுத்தோட்டம் செய்யச் சொல்லி அரசு அழைப்பது இது முதல் தடவையா? இல்லை. எங்கள் வாப்பாவின் காலத்திலும் அழைத்தார்கள், வாப்பாவின் வாப்பா காலத்திலும் அழைத்தார்கள். ஒவ்வொரு முறையும் என்ன நடந்தது? அதைத்தான் இந்தப் பதிவில் எழுதப் போகிறோம்.

பழைய வளவு எப்படி இருந்தது என்பதில் இருந்து தொடங்குவோம்.

1660 இல் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டு, ஏறத்தாழ இருபது வருடம் இந்த நாட்டில் கைதியாக வாழ்ந்த ஆங்கிலேயர் றொபட் நொக்ஸ். அவர் தப்பிப் போய் 1681 இல் இலண்டனில் வெளியிட்ட நூலில் நம் மரங்களைப் பற்றி நிறைய இருக்கிறது. சனங்களின் வயிற்றை நிரப்புவதில் பலாவுக்கு எவ்வளவு பங்கு என்பதை அவர் கண்ணால் கண்டு எழுதினார். மலைநாட்டு வளவு என்பது ஒரு சிறு காடு. மேலே தென்னை, கமுகு. நடுவில் பலா, ஈரப்பலா. மரத்தில் படர்ந்த மிளகு. கீழே இஞ்சி, மஞ்சள், கிழங்கு வகைகள். நாங்கள் இன்று வீட்டுத்தோட்டம் என்றதும் நினைக்கும் வரிசைப் பாத்திகள் அங்கே இல்லை.

கரையோர வளவு வேறு மாதிரி. முருங்கை, தென்னை, அகத்தி, கறிவேப்பிலை, பப்பாசி, வேலியில் படர்ந்த பாகலும் புடோலும். கிணற்றடியில் வாழை. வாழைக்குக் கீழே வல்லாரையும் பொன்னாங்காணியும். முகம் கழுவிய தண்ணீர், வுழூச் செய்த தண்ணீர், மீன் கழுவிய தண்ணீர் எதுவும் வீணாகாது. எங்கள் உம்மம்மா மீன் கழுவிய தண்ணீரை முருங்கையடியில் ஊற்றாமல் வீட்டுக்குள் போனதே இல்லை. அவர் வீட்டுத்தோட்டம் என்ற சொல்லையும் பாவித்ததில்லை. அது வளவு, அவ்வளவுதான்.

நம் ஊர்ச் சாமான் என்று நாம் நினைப்பவற்றில் பாதி கப்பலில் வந்தவை என்பதையும் சொல்ல வேண்டும். கொச்சிக்காய், தக்காளி, பப்பாசி, வத்தாளைக் கிழங்கு, மரவள்ளி எல்லாம் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். ஐரோப்பியர் கடல் வழியாக இவை ஆசியாவுக்கு வந்தன. மரவள்ளி இங்கே வந்தது 1786 இல், ஒல்லாந்த ஆளுநர் வான் டி கிராஃப் காலத்தில், மொரீசியஸ் தீவிலிருந்து. அந்தக் கிழங்கு பின்னர் எத்தனை பேரின் உயிரைக் காப்பாற்றப் போகிறது என்று அன்று யாருக்கும் தெரிந்திருக்காது.

இனி 1942 க்கு வருவோம்.

அன்றைய இலங்கை தேயிலையும் றப்பரும் தென்னையும் விற்று, அரிசி வாங்கிச் சாப்பிட்ட நாடு. சாப்பிட்ட அரிசியில் அரைவாசிக்கு மேல் வெளியிலிருந்து வந்தது. அதில் பெரும்பங்கு பர்மாவிலிருந்து. 1942 மார்ச்சில் ஜப்பானியர் இரங்கூனைப் பிடித்தார்கள். அரிசிக் கப்பல் நின்றது. அடுத்த மாதம் 5 ஆம் திகதி கொழும்பில் குண்டு விழுந்தது, 9 ஆம் திகதி திருகோணமலையில். அதே 9 ஆம் திகதிதான் ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் எங்கள் மட்டக்களப்புக் கடலில் மூழ்கியது. இன்றும் அது அங்கே கடலடியில் கிடக்கிறது.

அரிசி கூப்பனுக்கு வந்தது. சங்கக்கடைகள் ஊருக்கு ஊர் முளைத்தன. யுத்தம் முடியும்போது அவை ஆயிரக்கணக்கில் இருந்தன. சோறு தவிர வேறொன்றை உணவென்றே எண்ணாத சனங்களுக்குக் கோதுமை மா கொடுக்கப்பட்டது. பாணும் ரொட்டியும் நம் வீடுகளுக்குள் உறுதியாக நுழைந்தது அப்போதுதான். கூடவே உணவு உற்பத்தி இயக்கம். அப்போது விவசாய, காணி அமைச்சராக இருந்தவர் டீ.எஸ். சேனநாயக்க. வெற்றுக் காணி எதையும் விடாதே, மரவள்ளி நடு, வத்தாளை நடு, மரக்கறி நடு என்பதே எங்கும் பேச்சு.

பாடசாலைகளுக்கு இது புதிதல்ல. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இங்கு பாடசாலைத் தோட்டங்கள் ஆரம்பமாகியிருந்தன. விவசாயத் திணைக்களம் உருவானது 1912 இல். அதற்கும் முந்திய பாத்திகள் நம் பாடசாலை வளவுகளில் உண்டு. இன்று விவசாயப் பாடம் கற்பிக்கும் ஆசிரியர்கள் இதைக் கொஞ்சம் பெருமையாகவே சொல்லிக்கொள்ளலாம்.

அந்த இயக்கம் நாட்டைக் காப்பாற்றியதா? மரவள்ளி பசியைத் தாங்கிக்கொண்டது. கீரையும் மரக்கறியும் கூப்பன் அரிசிக்குத் துணை நின்றன. ஆனால் சோற்றுப் பிரச்சினையைத் தீர்த்தது வளவு அல்ல. கோதுமையும், வேறு நாடுகளில் தேடி எடுத்த அரிசியும், பங்கீடும்தான் தீர்த்தன. யுத்தம் முடிந்து கப்பல் திரும்பி வந்ததும் பாத்திகளில் புல் முளைத்தது.

வளவில் சோற்றுக்கு மிகக் கிட்ட வந்தவை மரங்கள்தான். சிங்கள மக்கள் பலாவைச் சோற்று மரம் என்ற பொருளில் "பத் கஸ" என்கிறார்கள். பாணந்துறையைச் சேர்ந்த ஆர்தர் வீ. டயஸ் நாடெங்கும் பலாக்கொட்டை நடச் சொல்லி இயக்கம் நடத்தியவர். சனங்கள் அவரை "கொஸ் மாமா", அதாவது பலா மாமா என்று அழைத்தார்கள். 1915 கலவரத்தின்போது பிரித்தானியர் சிறையில் அடைத்தவர்களில் அவரும் ஒருவர். அந்தக் கலவரம் எங்கள் சமூகத்துக்குக் கசப்பான நினைவு. ஆனால் அந்த மனிதர் பரப்பிய பலா மரத்தின் கீழ் எல்லாச் சமூகத்தவரும் நின்று பசியாறியிருக்கிறார்கள். 1951 இல் மரம் வெட்டுதலைக் கட்டுப்படுத்தச் சட்டமே வந்தது. இன்றும் சொந்த வளவில் நிற்கும் பலாவை வெட்ட அனுமதி வேண்டும்.

ஒரு விடயத்தைக் கவனியுங்கள். கொட்டையில் இருந்து வளரும் பலா காய்க்க ஐந்தாறு வருடம், சிலவேளை அதற்கும் மேல் ஆகும். பஞ்சம் வந்த பிறகு நட்டால் அந்தப் பஞ்சத்துக்கு உதவாது. அடுத்த பஞ்சத்துக்குத்தான் உதவும்.

அரிசி எவ்வளவு பெரிய அரசியல் என்பதை 1953 காட்டியது. பங்கீட்டு அரிசியின் விலை கொத்து 25 சதத்திலிருந்து 70 சதத்துக்கு உயர்த்தப்பட்டது. ஆகஸ்ட் 12 ஆம் திகதி நாடு ஹர்த்தாலில் நின்றது. உயிர்கள் போயின. பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். கத்தரிக்காய் விலைக்காக இந்த நாட்டில் எந்தப் பிரதமரும் போனதில்லை. சோற்றுக்காகப் போயிருக்கிறார்.

இரண்டாவது பெரிய அழைப்பு 1970 களில் வந்தது. இதை நேரில் கண்டவர்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். கேட்டுப் பாருங்கள்.

சிறிமாவோ பண்டாரநாயக்கவின் ஆட்சி. அந்நியச் செலாவணி இல்லை. 1973 இல் எண்ணெய் விலை ஏறியது, உலகச் சந்தையில் தானிய விலையும் ஏறியது. பங்கீட்டு அரிசி குறைந்தது. பாணுக்கு விடியற்காலையில் வரிசை. ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு அரிசி கொண்டுபோகக் கட்டுப்பாடு. பஸ்ஸை மறித்துப் பையைச் சோதித்த கதைகளை எங்கள் வாப்பா இன்றும் சொல்வார். அரசு "வகா சங்கிராமய" என்று ஒரு பயிர்ச்செய்கைப் போரை அறிவித்தது. வளவெல்லாம் மீண்டும் மரவள்ளி.

மரவள்ளியை மூடி வைத்து அவிக்காதே, இஞ்சியோடு சேர்த்துச் சாப்பிடாதே என்று நம் வீடுகளில் சொல்வார்கள். இஞ்சிக் கதை எவ்வளவு சரி என்ற விவாதத்தை விடுங்கள். மூடாமல் அவிப்பதற்குக் காரணம் உண்டு. அந்தக் கிழங்கில் சயனைட்டை உண்டாக்கும் பொருள் இருக்கிறது; திறந்து அவித்தால் அது ஆவியாக வெளியேறும். பஞ்ச காலத்தில் படித்த விஞ்ஞானம் அது. எந்தப் பாடப்புத்தகமும் இல்லாமல் உம்மம்மாமார் படித்தார்கள்.

அந்தக் காலத்தில் ஏற்றமும் இருந்தது. செத்தல் மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு இறக்குமதியைக் கட்டுப்படுத்தியதால் யாழ்ப்பாண விவசாயிகளுக்கு நல்ல விலை கிடைத்தது. மிளகாயும் வெங்காயமும் விற்றுக் கல்வீடு கட்டியவர்கள் அங்கே பலர்.

ஆனால் அதே வருடங்களில் மலையகத்தில் நடந்ததைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்வது நியாயமில்லை. 1974 ஐ ஒட்டிய காலத்தில் தேயிலைத் தோட்டங்களில் இறப்பு வீதம் ஏறியது. பட்டினியால் மனிதர்கள் செத்தார்கள். நாட்டுக்கு அந்நியச் செலாவணி தேடித் தந்த கைகள் அவை. அவர்கள் இருந்தது லயன் காம்பிராவில். முன்னால் ஒரு முழ வாசல், பின்னால் தோட்டக் கம்பனியின் தேயிலை. வெற்றுக் காணியை விடாமல் பயிர் செய் என்று அவர்களிடம் சொன்னால், எந்தக் காணியில் செய்வார்கள்? பயிர்ச்செய்கைப் போருக்குப் போக ஒரு வளவு வேண்டும். வளவு இல்லாதவன் அந்தப் போரில் முதலில் விழுந்தான்.

1977 இல் ஆட்சி மாறியது, பொருளாதாரம் திறக்கப்பட்டது. வெளியூர் மிளகாயும் வெங்காயமும் வந்திறங்கின. யாழ்ப்பாணத்து விவசாயி விழுந்தான். பங்கீட்டு அரிசியின் இடத்துக்கு உணவு முத்திரை வந்தது. வளவு மரவள்ளி பிடுங்கப்பட்டது. பலருக்கு அதைக் காணவே பிடிக்கவில்லை. எங்கள் மாமா ஒருவர் இன்றுவரை மரவள்ளியைத் தொட மாட்டார். "எழுபத்திநாலுலயே என்ட பங்க திண்டு முடிச்சிட்டன்" என்பார்.

அதன் பிறகு வளவுக்கு வந்த சரிவு மெதுவானது. அதற்கு அரசைக் குறை சொல்ல முடியாது. எங்களை நாங்களே கேட்டுக்கொள்ள வேண்டிய இடம் இது.

கிழக்கில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுப்பது எங்கள் வழக்கம். அரை ஏக்கர் வளவு இருந்த மூத்தப்பாவுக்கு மூன்று பெண்பிள்ளை. வளவு மூன்றாகியது. அந்த மூவருக்கும் பிறந்த பெண்பிள்ளைகளுக்கு மீண்டும் பங்கு. அரை ஏக்கர் என்றால் 80 பேர்ச். இரண்டு தலைமுறையில் அது பத்துப் பேர்ச்சாக வந்து நின்றது. முதலில் மாமரம் போனது, பிறகு பலா. கடைசியில் முருங்கை. பூவரசங் கதியாலும் கிடுகும் நின்ற இடத்தில் மதில் எழும்பியது. மதிலில் பாகல் படரவில்லை. முற்றத்துக்குக் கொங்கிறீட் கல் பதித்தோம். தண்ணீர் கிணற்றடியிலிருந்து குழாய்க்கு மாறியது, குழாய்த் தண்ணீர் சிங்க்கிலிருந்து காணுக்குப் போனது. வாழையடிக்குப் போக வழியில்லை.

இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. பிள்ளைக்கு ஒரு கூரை கொடுப்பதை விடப் பெரிய கடமை எந்த உம்மா வாப்பாவுக்கு உண்டு? நாங்களும் அப்படிக் கிடைத்த ஒரு துண்டில்தான் இருக்கிறோம். ஆனால் என்ன கொடுத்து என்ன வாங்கினோம் என்று தெரிந்திருக்க வேண்டும்.

பிறகு 2004 டிசம்பர் 26. கடல் எங்கள் வளவுகளுக்குள் வந்தது. உயிர்களைப் பற்றி இந்தப் பதிவில் எழுத எங்களால் முடியாது. மண்ணைப் பற்றி மட்டும் எழுதுகிறோம். கிணறெல்லாம் உப்பு. கடலோரத்தில் நின்ற கறிவேப்பிலையும் வாழையும் கருகின. தென்னை தாங்கியது. மாரி மழை உப்பைக் கழுவி இறக்கும் வரை பல வளவுகளில் கீரைகூட முளைக்கவில்லை. வீடிழந்த பலருக்குப் பிறகு மாடிவீட்டுத் தொகுதிகள் கிடைத்தன. கூரை கிடைத்தது, வளவு கிடைக்கவில்லை.

இனி மீண்டும் நம் காலம்.

2021 மே 6 ஆம் திகதி வர்த்தமானி அறிவித்தல் மூலம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைப்பட்டது. சேதனப் பசளை கெட்டது என்று நாங்கள் சொல்ல மாட்டோம். எங்கள் பாத்திக்கு மாட்டெருவும் கிடங்கில் மக்கிய இலையும்தான். ஆனால் ஒரு முழு நாட்டின் வயலை ஒரே போகத்தில் அப்படி மாற்ற முடியாது. நவம்பரில் தடை நீங்கியபோது பெரும்போகம் தொடங்கிவிட்டிருந்தது. விளைச்சல் படுத்தது. 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென்று அறிவித்தது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். அதாவது முந்திய வருடம் 100 ரூபாவுக்கு வாங்கிய உணவுக்கு ஏறத்தாழ 195 ரூபா. சம்பளம் மட்டும் அந்த வேகத்தில் ஏறவில்லை.

அப்போதுதான் மூன்றாவது அழைப்பு. வீட்டுத்தோட்டம் செய்யுங்கள். கூடவே வெள்ளிக்கிழமை விடுமுறை.

பாடசாலை திறந்த பிறகு நாங்களும் அந்த உற்சாகத்தில் ஒரு தவறு செய்தோம். ஆறாம் தரப் பிள்ளைகளுக்கு ஒப்படை கொடுத்தோம்: வீட்டில் ஐந்து மரக்கறிக் கன்று நட்டு, வளர்ச்சியை அளந்து கொப்பியில் எழுதி வாருங்கள். இரண்டு வாரம் கழித்துக் கொப்பிகளைப் பார்த்தோம். ஒரு பிள்ளையின் கொப்பி வெறுமையாக இருந்தது. ஏன் என்று கொஞ்சம் கடுமையாகவே கேட்டோம். "எங்கட வீடு மூணாம் மாடி டீச்சர். மண் இல்ல" என்றது பிள்ளை. அழவில்லை, கோபிக்கவும் இல்லை. தன் பிழைபோல் தலையைக் குனிந்துகொண்டது.

அன்று மத்தியானம் ஆசிரியர் அறையில் நாங்கள் அதிகம் பேசவில்லை. லயன் காம்பிராவைப் பற்றி வகுப்பில் படிப்பித்தவர்கள் நாங்கள். வளவு இல்லாத பிள்ளையிடம் வளவுக் கணக்கைக் கேட்டதும் நாங்கள்தான்.

ஒரு கணக்கைச் சேர்ந்து செய்து பார்ப்போம். பத்துப் பேர்ச் என்பது ஏறத்தாழ 250 சதுர மீற்றர். வீடு இல்லை, கிணறு இல்லை, முழுவதும் நல்ல வயல் என்றே வையுங்கள். ஹெக்டெயருக்கு 4,500 கிலோ நெல் என்ற கணக்கில் ஒரு போகத்தில் சுமார் 110 கிலோ நெல் வரும். குற்றினால் 70 கிலோ அரிசிக்குச் சற்று மேல். ஆளுக்கு வருடத்துக்கு 100 கிலோ அரிசி என்றால் ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு 500 கிலோ வேண்டும். வீட்டை இடித்து வயலாக்கினாலும் ஒரு போகம் ஏழு வாரத்துக்குத்தான் சோறு தரும்.

உம்மா இந்தக் கணக்கைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "இதுக்கு ஏன் கொப்பி? வயல் சோத்துக்கு, வளவு ஆணத்துக்கு."

மூன்று அழைப்புகளின் வரலாறும் அந்த ஒரு வரியில் இருக்கிறது. கப்பல் நின்றபோதும், செலாவணி தீர்ந்தபோதும், பசளை போனபோதும் அதிகாரத்தில் இருந்தவர்கள் வளவிடம் சோறு கேட்டார்கள். வளவால் அது முடியாது. சோறு வயலின் வேலை, நீர்ப்பாசனத்தின் வேலை, சரியான காலத்தில் எடுக்கும் தீர்மானத்தின் வேலை. அந்த வேலை பிழைத்தபோது பொறுப்பை ஐந்து வெண்டிக் கன்றின் தலையில் வைத்துவிட முடியாது. மூன்றாம் மாடிப் பிள்ளையின் தலையில் வைக்கவே முடியாது.

அதேநேரம் ஆணத்தைக் குறைத்து மதிப்பிடவும் வேண்டாம். வெறும் சோறும் பருப்பும் உண்ணும் வீட்டில் முருங்கை இலைச் சுண்டல் ஒரு பிடி சேர்ந்தால் அது வேறு சாப்பாடு. இரும்புச்சத்தும் விற்றமின் ஏயும் அந்த இலையில் இருக்கின்றன. மரக்கறி விலை ஏறும்போது ஏழை வீட்டில் முதலில் குறைவது சோறு அல்ல, கறிதான். அந்த இடத்தை வளவு நிரப்பும். 1942 இலும் நிரப்பியது, 1974 இலும் நிரப்பியது.

நம் சொந்தத் தோட்டக் கதையின் மீதியையும் சொல்லி முடிக்கிறோம்.

ஒக்டோபரில் முதல் மழை விழுந்தது. அதற்குள் ஜனாதிபதியும் மாறிவிட்டார், வெள்ளிக்கிழமை விடுமுறையும் முடிந்துவிட்டது, வீட்டுத்தோட்டப் பேச்சும் அடங்கிவிட்டது. அப்போதுதான் உம்மா எழும்பினார். சாம்பலில் புரட்டிப் போத்தலில் வைத்திருந்த விதைகளை எடுத்தார். பயற்றை, பூசணி, முளைக்கீரை, ஊர்க் கத்தரி. கடையில் வாங்கிய கலப்பின விதையில் காய்த்ததை எடுத்து மறுபடி போட்டால் தாயைப்போல் வராது. உம்மாவின் ஊர் விதைக்கு அந்தக் குறை இல்லை. வருடா வருடம் அதுவே முளைக்கும். பாத்திக்கு அடியில் தேங்காய்ப் பொச்சு புதைக்கச் சொன்னார். மணலில் தண்ணீரைப் பிடித்து வைக்க அதைவிட நல்ல வழி எங்கள் கலாசாலைப் பாடத்திலும் இருக்கவில்லை. மழை கூடினால் அழுகும் என்று பாத்தியை ஒரு முழம் உயர்த்தினோம். மாட்டுக்குப் பழைய மீன்வலையால் வேலி.

ஜனவரியில் வாரத்துக்கு மூன்று நான்கு நாள் கறி வளவிலிருந்து வந்தது. எல்லாம் வெற்றி என்று சொல்ல மாட்டோம். டிசம்பர் வெள்ளத்தில் கீரைப் பாத்தி ஒன்று முழுதாகப் போனது. பூசணி பிஞ்சிலேயே ஈ குத்தி அழுகியது. பயற்றங்காயில் பாதியை அணில் எடுத்தது. "அணில் திண்டாலும் நன்மைதான்" என்று உம்மா சொன்னார். சொல்லிக்கொண்டே கல்லும் எறிந்தார்.

பாடசாலையில் ஒப்படையையும் மாற்றினோம். வீட்டுத் தோட்டம் என்பதை வகுப்புத் தோட்டமாக்கினோம். வெறும் மாப் பைகளில் மண்ணும் எருவும் நிரப்பி விறாந்தை ஓரம் அடுக்கினோம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பை. மூன்றாம் மாடிப் பிள்ளை வெண்டி நட்டது. முதல் கன்று செத்தது. இரண்டாவதில் எட்டுக் காய். அளந்து எழுதிய கொப்பி இன்னும் எங்களிடம் இருக்கிறது. காய்களைப் பிள்ளை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனது.

கடந்த வருடம் மதிலோரம் ஒரு பலாக்கொட்டை நட்டிருக்கிறோம். இடம் போதாது என்று எங்களுக்கே தெரியும். இப்போது இடுப்பளவு உயரம். இந்தத் தலைமுறைக் கஷ்டத்துக்கு அது உதவப்போவதில்லை.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இன்று இரவு ஒரு கேள்வி கேளுங்கள்: எழுபத்திநாலில் உங்கள் வளவில் என்னென்ன நின்றது? அவர்கள் சொல்வதை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். முடிந்தால் கீழே எங்களுக்கும் எழுதுங்கள். ஊரின் பெயரையும் போடுங்கள். பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.